மெட்ரிகுலேஷன் முதல் மேல்நிலை வரை

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிச் செங்கற்பட்டை நோக்கிச் செல்வோர் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய நிலையங்களைக் கடந்து பொத்தேரியை அடைவர். ஏரிகள் மிகுந்த செங்கற்பட்டுச் சீமையில், பெயரிலேயே ஏரியைத் தாங்கி நிற்கும் ஊர்களுள் அதுவும் ஒன்று. இன்று அவ்வூரின் பெயரைத் தமிழகத்தின் தென்கோடியிலுள்ள குடும்பங்களும் அறிந்திருப்பதற்குக் காரணம் அங்கெழுந்த கல்வி நிலையமே. 1985ஆம் ஆண்டில் எஸ்.ஆர்.எம். பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1984இல், கீழக்கரை ஈன்றெடுத்த கொடைவள்ளல் மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் அதே ரயில் பாதையில், வண்டலூரில், கிரசண்ட் பொறியியற் கல்லூரியைத் தோற்றுவித்தார்கள். தாம்பரத்தில் அமைந்திருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோ 1837இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்து பாதிரியார் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1937இல்தான் நகரைவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆண்டர்சனின் கிளைப் பள்ளிகள் தொடக்க காலத்திலேயே காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் எழுந்தன. ஆகவே சில மைல் நீளமே கொண்ட இந்த இருப்புப் பாதையின் ஓரத்தில், தமிழ்நாட்டு ஆங்கிலக் கல்வியின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு விரிந்து கிடக்கிறது எனலாம்.

ஆண்டுதோறும் கோடை முடிந்ததும், இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் பெட்டி படுக்கையுடன் இந்நிலையங்களில் வந்து இறங்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மேல்நிலைப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே. ஆயினும், முதல் வாரத்து வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசி முடித்த பின்னர், புரியாத கண்களுடன் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்ப்போரும் அவர்களுள் உண்டு. ‘நூற்றுக்கு எண்பது வாங்கிய பிள்ளை ஏன் வாய் திறக்க மறுக்கிறான்?’ எனப் பெற்றோர் கவலைப்படுகின்றனர். பிள்ளையின் கூச்சத்தைக் குறை கூறுவோர் உளர். பள்ளியைக் குறை கூறுவோரும் உளர். நாம் ஈண்டு ஆராய விழைவது வேறொன்று. அந்த எண்பது மதிப்பெண் எதை அளந்தது? அந்த அளவுகோல் எப்போது, எவரால், எதற்காகச் செய்யப்பட்டது?

ஆங்கிலம் முதன்முதலில் நம் கடற்கரைக்கு வந்தபோது அதனை அளப்பதற்கு வினாத்தாள் ஏதும் இருக்கவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரும் சென்னையில் ஆங்கிலேயரும் பண்டகசாலை வைத்திருந்த காலத்தில், இரு மொழி அறிந்தவன் ‘துபாஷி’ எனப்பட்டான். அவனுடைய மொழித் திறனை அளந்தது துறைமுகமே. கப்பல் தலைவன் சொன்னதைக் காதால் கேட்டு, வணிகனிடம் பிழையின்றிச் சேர்ப்பித்தால் அவன் தேறியவன்; சரக்கின் விலை மாறிப் போனால் தேறாதவன். மலாயாக் கரையில் இதற்கு மிக உயர்ந்த சான்று ஒன்று உண்டு. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் அவர்கள் மலாக்காவில் 1796இல் பிறந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் எமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் தங்கித் தமிழ் முஸ்லிம்களுடன் மணவுறவு கொண்டவர்கள். அரபு, தமிழ், மலாய் ஆகிய மொழிகளில் தேர்ந்திருந்த அவர்கள், ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராகப் பணியாற்றினார்கள். பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார்கள். அவர்களிடமிருந்தே ஆங்கிலமும் கற்றுக்கொண்டார்கள். எந்தத் தேர்வு மண்டபத்திலும் அமர்ந்து சான்றிதழ் பெற்றவர்கள் அல்லர். அவர்களுடைய ஆங்கிலம் போதுமானதா என்பதை, எதிரில் அமர்ந்து பேசிய ஆங்கிலேயர் தம் செவியாலேயே அறிந்துகொண்டனர்.

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாறிற்று. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் அதனைத் தொடர்ந்த பெண்டிங்கின் ஆணையும் ஆங்கிலத்தை அரசுக் கல்வியின் மொழியாக்கின. 1839இல் சென்னைவாசிகள் 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதன் பயனாக 1841இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியே, பவெல் என்னும் கணித அறிஞரின் தலைமையில் வளர்ந்து, பின்னர் மாநிலக் கல்லூரியாயிற்று. 1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டே முதல் மெட்ரிகுலேஷன் தேர்வும் நடைபெற்றது. அதற்கு அமர்ந்தோர் 41 பேர். தேறியோர் 36 பேர். மறு ஆண்டில் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்களே. அவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிப் புகழ்கொண்ட சி.வை. தாமோதரம் பிள்ளை அவர்கள்.

இந்த மெட்ரிகுலேஷன் தேர்வின் இயல்பைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும். அது லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு. வகுப்பு நடத்துவது அப்பல்கலைக்கழகத்தின் வேலையன்று. தேர்வு நடத்துவதும் பட்டம் அளிப்பதுமே அதன் வேலை. மாணவனின் முகத்தை அது பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வரும் விடைத்தாள் மட்டுமே அதன் முன் வைக்கப்படும். வரலாறும் கணிதமும்கூட ஆங்கிலத்திலேயே எழுதப்பட வேண்டியிருந்தன. இவ்வாறு ‘ஆங்கிலம் அறிந்தவன்’ என்னும் சொல்லுக்கு ‘ஆங்கிலத்தில் விடை எழுதக் கூடியவன்’ என்று பொருள் மாறிற்று. அரசாங்க அலுவலகங்களுக்கு வேண்டியதும் அதுவே. படியெடுக்கவும், குறிப்பு வரையவும், மேலதிகாரிக்கு விண்ணப்பம் தீட்டவும் வல்ல எழுத்தர்கள் தேவைப்பட்டனர். அவர்களைத் தேர்ந்தெடுக்க அத்தேர்வு போதுமானதாகவே இருந்தது. குறை சொல்வதற்கில்லை, தராசு எந்தச் சரக்குக்காகச் செய்யப்பட்டதோ அந்தச் சரக்கை அது நிறுத்துக் காட்டிற்று.

ஆனால் தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தராசின் அருகே வந்து சேர்ந்த கதை சிக்கலானது. ‘உலமாக்கள் ஆங்கிலத்தை வெறுத்தனர், அதனால் சமுதாயம் பின்தங்கிற்று’ என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடுவது நம் மேடைப் பேச்சாளர்களின் வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், முழு உண்மை அதுவன்று. 1871 ஆகஸ்டில் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்விக்குத் தனிக் கவனம் செலுத்தப்பட வேண்டுமெனத் தீர்மானித்தது. சென்னையில் ஹோபர்ட் பிரபு ஆளுநராக விளங்கிய 1872–1875ஆம் ஆண்டுகளில் அதற்கான ஏற்பாடுகள் நடந்தன. முஸ்லிம் மாணவர்க்கெனத் தனி வகுப்புகள் திறக்கப்பட்டன. திறந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் திறந்தனர். ஆனால் அவை இந்துஸ்தானி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரைக் கருதியே அமைந்தன! ஆற்காடு நவாபின் அவையைச் சூழ்ந்திருந்த குடும்பங்களுக்கு அது பொருந்திற்று. வீட்டில் தமிழ் பேசி, பள்ளிவாசலில் அரபு ஓதி, கடையில் தமிழில் கணக்கெழுதிய மரைக்காயர், இராவுத்தர், லெப்பை பிள்ளைகளுக்கு இந்துஸ்தானி வழியே ஆங்கிலத்தை அடைவதென்பது, பொத்தேரியிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்பவனைச் சென்னை வழியாக அனுப்புவது போன்றதே.

இதில் இன்னொன்றும் உண்டு. அக்காலத்துத் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் எழுத்தறிவு இல்லாமற் போகவில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் மார்க்க நூல்களும் மாலைகளும் கடிதப் போக்குவரத்தும் செழித்திருந்தன. பெண்மக்களும் அதனைச் சரளமாக வாசித்தனர். ஆனால் எந்த மெட்ரிகுலேஷன் தாளிலும் அந்த எழுத்துக்கு இடமில்லை. ஒரு சமுதாயம் கைவரப் பெற்றிருந்த எழுத்தைத் தேர்வு கண்டுகொள்ளவில்லை. தேர்வு கேட்ட எழுத்தைச் சமுதாயம் கைவரப் பெற்றிருக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பாராமல் ‘பின்தங்கினர்’ என்று எழுதிவிடுவது வரலாறு ஆகாது.

கடலுக்கு அப்பால், இலங்கையில், இந்நிலையை முன்கூட்டியே உணர்ந்தவர் கண்டி வழக்கறிஞர் அறிஞர் சித்திலெப்பை அவர்கள். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் நவீனக் கல்வியும் வேண்டுமெனத் தமிழிலேயே ஓயாது எழுதினார்கள். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்திருந்த உராபி பாஷா அவர்களும் அம்முயற்சிக்குத் துணை நின்றார்கள். 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்த பாடசாலையே பிற்காலத்து ஸாஹிறாக் கல்லூரி. இலங்கையில் அப்போது ஆங்கிலப் பள்ளிகளை ஆண்டது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு. 1880 முதல் கேம்பிரிட்ஜிலிருந்து வினாத்தாள் கப்பலேறி வந்தது. விடைத்தாள் கப்பலேறித் திரும்பிற்று. கடல் கடந்து செல்லக்கூடியது காகிதமே, குரல் கப்பலேறாது.

அதே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் வேறொரு தேர்வைத் தொடங்கிற்று. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கொண்டு அதனைக் கற்பிக்க விரும்புவோர்க்கான தேர்ச்சித் தேர்வு அது. மொத்தம் 12 மணி நேரம்! மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கணம், ஒலியியல் என நீண்ட எழுத்துத் தாள்கள் ஒருபுறம். அரை மணி நேரம் சொல்வதெழுதுதல், அரை மணி நேரம் வாய்விட்டு வாசித்தலும் உரையாடலும் மறுபுறம். முதலாண்டில் அமர்ந்தவர் மூவர், மூவரும் தேறவில்லை. தேர்வின் கடுமையை வியப்பதற்காக இதனை நாம் குறிப்பிடவில்லை. மொழியறிவு செவியிலும் நாவிலும் உள்ளது என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே தேர்வாளர் அறிந்திருந்தனர். நம் பள்ளி மாணவர்களின் பொருட்டு அந்த அறிவு பயன்படுத்தப்படவில்லை என்பதே குறிப்பு.

இந்தியாவிலும் இக்குறை எவர் கண்ணிலும் படாமல் இருந்ததில்லை. 1902இல் கர்சன் பிரபு அமைத்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் குழுவில் ஹைதராபாத்தின் சையிது ஹுசைன் பில்கிராமி அவர்களும் உறுப்பினராக இருந்தார்கள். மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரியில் சேரும் மாணவர்கள் பலர் ஆங்கில விரிவுரையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்பதை அக்குழு வெளிப்படையாகவே எடுத்துரைத்தது. காரணத்தையும் கண்டது. குறிப்பிட்ட பாடநூலிலிருந்து வினா எழுகிறது. அந்நூலுக்கு விளக்கவுரைகள் கடைகளில் விற்கின்றன. மாணவன் நூலை விடுத்து உரையை உருப்போடுகிறான். ஆகவே நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திற்குப் பாடநூல் வகுத்தலே கூடாது எனக் குழு பரிந்துரைத்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்தை இன்றைய செய்தியென்று யாரேனும் சொன்னால் நாம் நம்பிவிடுவோம். நோட்ஸ் விற்கும் கடைகள் மட்டும் அன்றைவிட இன்று பெருகியிருக்கின்றன.

அந்தத் தராசு சில வேளைகளில் எத்தகைய சரக்கைத் தள்ளிவிட்டது என்பதற்குக் கும்பகோணத்திலேயே சான்று உண்டு. கணித மேதை இராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமையால் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் முயன்று, எஃப்.ஏ. தேர்வில் தோல்வியுற்றார். 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. மேதைகளை வைத்து விதி வகுக்க முடியாதுதான். ஆனால் இராமானுஜனைத் தடுத்தது பேச்சோ கேள்வியோ அன்று. ஒரு மண்டபத்தில் குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டிய ஆங்கிலக் கட்டுரை. அதே தாளில் தடுக்கி, பெயர் தெரியாமல் ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பற்றி எந்த நூலும் பேசுவதில்லை.

சென்னை ராஜதானி 1911இல் ஒரு நல்ல மாற்றத்தைச் செய்து பார்த்தது. அதுவே எஸ்.எஸ்.எல்.சி. நம் பாட்டனார் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைச் சில வீடுகளில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கின்றனர். அது ஏன் ஒரு தாளாக இல்லாமல் புத்தகமாக இருந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்திட்டத்தின் மூலக் கருத்தில் ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்னும் சொற்களே கிடையா. பள்ளியில் மாணவன் பெற்ற மதிப்பெண்களும் பொதுத்தேர்வில் பெற்ற மதிப்பெண்களும் அடுத்தடுத்துப் பதியப்படும். பல ஆண்டுகள் அவனை நேரில் கண்ட ஆசிரியரின் மதிப்பீடும், அவனைக் காணாத தேர்வாளரின் மதிப்பீடும் ஒரே ஏட்டில் நிற்கும். கல்லூரியோ அலுவலகமோ அதனைப் புரட்டிப் பார்த்துத் தனக்கு வேண்டியவனைத் தேர்ந்துகொள்ளலாம். சிந்தித்துப் பார்த்தால், இவ்வளவு நியாயமான ஏற்பாடு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் அரிது.

ஆனால் அது நிலைக்கவில்லை. கல்லூரியில் சேரத் தகுதியுடையோரின் பட்டியலைப் பல்கலைக்கழகம் வெளியிடத் தொடங்கியதும், பட்டியலில் இருப்பவன் ‘பாஸ்’, இல்லாதவன் ‘ஃபெயில்’ என மக்கள் வழக்கு தீர்ப்பளித்துவிட்டது. ஆசிரியர் இடும் மதிப்பெண்ணில் பாரபட்சம் இருக்குமோ என்ற ஐயமும் உடனிருந்தது. அந்த ஐயத்தைச் சிறுபான்மைச் சமுதாயங்கள் எளிதில் தள்ளிவிட முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரும் முகமும் அறியாத தேர்வாளரிடம் ஒரு பாதுகாப்பு உண்டு. முகம் அறிந்தவரிடம் நேர்த்தியான மதிப்பீடும் உண்டு, அநீதிக்கான வாய்ப்பும் உண்டு. இந்தச் சிக்கலை எஸ்.எஸ்.எல்.சி. அவிழ்க்கவில்லை, மெல்ல மெல்லப் பழைய மெட்ரிகுலேஷனாகவே மாறிப் போயிற்று.

இதற்கிடையே நம் சமுதாயம் வாளாவிருக்கவில்லை. 1901 டிசம்பரில் அகில இந்திய முஹம்மதியக் கல்வி மாநாடு சென்னையில் கூடிற்று. 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் அமைந்தது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் சென்னைப் புதுக்கல்லூரி, அதே ஆண்டில் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முஹைதீன் கல்லூரி, நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியால் அதே ஆண்டில் பெண்களுக்கான எஸ்.ஐ.இ.டி. கல்லூரி எனத் தொடர்ந்து எழுந்தன. வணிகர்களின் பணம் கட்டடங்களாயிற்று. கட்டடங்களில் பிள்ளைகள் நிறைந்தனர். கல்லூரிகளை நாம் கட்டினோம். ஆனால் அவற்றின் வாயிலில் நின்ற தேர்வு நம்முடையதன்று. அதனை மாற்றும் பேச்சில் நம் குரல் அதிகம் கேட்டதாகச் சொல்ல முடியாது.

நாடு விடுதலை பெற்ற பின் இடைநிலைக் கல்வியை ஆராய 1952இல் அமைந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அவர்கள். பொதுத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், பள்ளிப் பதிவேடுகளுக்கு மதிப்பளிக்கவும், எண்களுக்குப் பதில் தரநிலைக் குறியீடுகளை இடவும் அக்குழு கூறிற்று. 1911இன் கனவு மீண்டும் எழுதப்பட்டது. மீண்டும் அலமாரியில் வைக்கப்பட்டது.

பள்ளிகளில் பாடமொழி 1930களின் இறுதியில் தாய்மொழியாக மாறிவிட்டிருந்தது. அது நன்மையே. கணக்கையும் சரித்திரத்தையும் பிள்ளை தன் மொழியில் விளங்கிக் கற்றான். ஆனால் அதனோடு, நாள் முழுதும் காதில் விழுந்துகொண்டிருந்த ஆங்கிலம் ஒரு பாடவேளைக்குள் சுருங்கிற்று. அந்த ஒரு பாடவேளையில் அவனைப் பேச வைத்திருக்க வேண்டும். 1959இல் சென்னை மாநிலத்தில் அதற்கான பெருமுயற்சி ஒன்று நடந்தது. பனிக்கட்டி உருள உருளப் பெருப்பது போல, பயிற்சி பெற்ற சிலர் பலரைப் பயிற்றுவிக்க, அவர்கள் மேலும் பலரைப் பயிற்றுவிக்க, 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி அளிப்பது அதன் குறிக்கோள். இலக்கணச் சூத்திரத்தை விடுத்து, வாக்கிய அமைப்புகளை வாய்வழியே பழக்குவது அம்முறை. பனியுருண்டை உருண்டு செல்லச் செல்ல இளகிற்று என்பதே பிற்காலத்தார் மதிப்பீடு. நம் கருத்தில், அது இளகியதற்கு வெயில் வேறெங்கும் இல்லை. தேர்வு மண்டபத்தில்தான் இருந்தது. வாய்வழிக் கற்பித்த ஆசிரியரின் மாணவனுக்கும் இறுதியில் கிடைத்தது எழுத்து வினாத்தாளே. ஆசிரியர் மதியற்றவரல்லர். எது கேட்கப்படுமோ அதனையே கற்பித்தார். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு அவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், செயல்களைச் செய்வித்து அவற்றின் வழியே ஆங்கிலத்தை ஊன்றச் செய்யும் சோதனையை நடத்தினார். உலகெங்கும் மொழியாசிரியர்கள் அதனைப் பற்றிப் படிக்கின்றனர். நம் பொதுத்தேர்வு அதனால் அசைந்ததாகத் தெரியவில்லை.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை கல்லூரியில் புகுமுக வகுப்பாக இருந்த ஓராண்டு, இரண்டாண்டாகிப் பள்ளிக்கு இறங்கிற்று. 1980இல் முதல் பிளஸ்-டூ பொதுத்தேர்வு நடைபெற்றது. ஆங்கிலத்திற்கு இரண்டு தாள், இருநூறு மதிப்பெண். செய்யுள், உரைநடை, நான்-டீடெயில், கட்டுரை, கடிதம், இலக்கணம் என அனைத்தும் எழுத்தே. வேடிக்கையான வினா ஒன்றும் பள்ளித் தேர்வுத் தாள்களில் பல்லாண்டு இடம்பெற்றது. ஒரு தெரு வரைபடம் அச்சிடப்பட்டிருக்கும். வழி கேட்கும் அந்நியனுக்கு அஞ்சலகத்துக்கு எப்படிப் போவதென்று சொல்ல வேண்டும். அதாவது எழுத வேண்டும். ‘நேரே சென்று இடப்பக்கம் திரும்புக’ என்று பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவனிடம், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வடநாட்டார் வழி கேட்டால் அவன் கையை நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். வினா வகுத்தவருக்குப் பேச்சுத் திறனை அளக்கும் எண்ணம் இருந்தது என்பது தெளிவு. அளப்பதற்குக் கையிலிருந்தது காகிதம் மட்டுமே.

பொறியியற் கல்லூரிகள் பெருகிய 1980களுக்குப் பின் இன்னொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. தொழிற்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே எண்ணப்பட்டன. நுழைவுத் தேர்வு இருந்த காலத்திலும், அது 2007இல் ஒழிந்த பின்னும், ஆங்கிலத்திற்கு அந்தக் கணக்கில் பங்கில்லை. இருநூற்றுக்கு எழுபது பெற்றால் தேர்ச்சி. அதற்குமேல் பெற்றாலும் பொறியியல் இடத்துக்கு அது உதவாது. பெற்றோரும் பள்ளியும் கணக்குப் போட்டனர். ஆங்கிலப் பாடவேளை இயற்பியல் பயிற்சிக்குக் கடனாகப் போயிற்று. இவ்வாறாக, கல்லூரியில் அத்தனை பாடங்களையும் தாங்கி நிற்கப் போகும் மொழி, கல்லூரிக்கு அனுப்பும் தேர்வில் கடைசி இடத்தைப் பெற்றது. பொத்தேரியிலும் வண்டலூரிலும் நான்காண்டு முடிவில் வேலை தர வரும் நிறுவனங்கள் மாணவர்களை வட்டமாக அமர்த்திக் கலந்துரையாடச் சொல்கின்றன. நேரில் அழைத்துப் பேசச் செய்து பார்க்கின்றன. பழைய துறைமுகத்துத் துபாஷியை அளந்த அதே காது மீண்டும் வந்துவிட்டது. இடையில் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் அந்தக் காது பிள்ளையின் முன் வந்தது அரிதே.

ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் இக்குறை நீங்கும் என்று நம் குடும்பங்கள் பல, நகையை விற்றும் கட்டணம் செலுத்தினர். மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகியதன் பின்னணி அதுவே. அங்கும் முடிவுத் தேர்வு எழுத்தே. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் காதுக்குச் சற்றுப் பழக்கம் உண்டாகும் என்பது மெய். ஆனால் வகுப்பறையில் ஆசிரியர் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிப் போட்டால், அப்பிள்ளைக்கும் தமிழ்வழிப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு கட்டணச் சீட்டில் மட்டுமே தெரியும்.

வாய்மொழித் தேர்வு நடத்த இயலாது. மாணவர் தொகை பெரிது என்று கல்வித்துறையினர் சொல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பிளஸ்-டூ தேர்வு எழுதுகின்றனர். 7 இலட்சம் பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் 70 இலட்சம் நிமிடம். அதாவது ஏறத்தாழ 1,17,000 மணி நேரம். ஆயிரம் ஆசிரியர்கள் நாளுக்கு ஆறு மணி நேரம் அமர்ந்தால் இருபது நாளில் முடிந்துவிடும். ஆசிரியர் தொகையை இரட்டித்தால் பத்தே நாள். பெரிய வேலைதான்; ஆனால் இயலாத வேலையன்று. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுக்கு இலட்சக்கணக்கான மாணவர்களுக்குப் புறத்தேர்வாளரைக் கொண்டு செய்முறைத் தேர்வு ஆண்டுதோறும் நடந்துகொண்டுதானே இருக்கிறது? உப்பைப் பகுத்தாய்ந்து காட்டச் சொல்லும் பள்ளி, ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்து இரண்டு கேள்விக்கு விடை சொல்லச் சொல்வதில் என்ன தடை?

நேர்மை குறித்த ஐயம் வேறு. அது 1911லும் இருந்தது. அதற்கு வழி புறத்தேர்வாளரும் ஒலிப்பதிவும். அன்று ஒலிப்பதிவுக் கருவி எந்தப் பள்ளியிலும் இல்லை. இன்று ஆசிரியர் அனைவரின் சட்டைப் பையிலும் உள்ளது. ஐயம் எழுந்தால் மற்றொருவர் கேட்டுப் பார்க்கலாம்.

நம் சமுதாயத்துக்குச் செவிவழித் தேர்வு புதியதும் அன்று. பள்ளிவாசல் மக்தபில் பிள்ளையின் ஓதலை உஸ்தாது எழுதிக் காட்டச் சொல்லி அளப்பதில்லை. எதிரில் உட்கார வைத்து ஓதச் செய்து கேட்கிறார். ஓர் எழுத்தின் ஒலி பிறக்கும் இடம் தவறினாலும் நிறுத்தித் திருத்துகிறார். சரியாக வந்த பின்னரே மறுபாடம். அங்கே கற்பிக்கும் முறையும் தேர்வு முறையும் ஒன்றே. ஏழு வயதுப் பிள்ளை கூச்சமின்றி உரத்த குரலில் அரபை ஓதுகிறது. அதே பிள்ளை பதினேழாம் வயதில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல நாணுகிறது. கூச்சம் பிள்ளையின் பிறவிக் குணமாயின் அது மக்தபிலும் இருந்திருக்க வேண்டுமல்லவா? ஓதலுக்கும் உரையாடலுக்கும் வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஓதல் மனனம், உரையாடல் உடனுக்குடன் எழுவது. என்றாலும், கேட்கப்படுவோம் என்று அறிந்த குரலுக்குத் துணிவு வருகிறது என்பதை இரண்டிலும் காணலாம்.

2018-19ஆம் கல்வியாண்டு முதல் மேல்நிலை ஆங்கிலத்தின் இரு தாள்களும் ஒன்றாக்கப்பட்டன. இருநூறு நூறாயிற்று, அதில் 90 எழுத்துத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. மாணவரின் சுமை குறைந்தது நன்றே. அந்தப் பத்து மதிப்பெண்ணில் வருகைப் பதிவுக்கும் பள்ளித் தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் போக, நாவுக்கும் செவிக்கும் எஞ்சியிருப்பது மிகச் சிறிது. பதினொன்றாம் வகுப்புக்கு 2018இல் புகுத்தப்பட்ட பொதுத்தேர்வு 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையின்படி நீக்கப்பட்டது. ஆகவே மேல்நிலையின் முதலாண்டு இப்போது பொதுத்தாளின் பிடியில் இல்லை. அந்த ஆண்டின் ஆங்கிலப் பாடவேளைகளைப் பள்ளிகள் எதற்குப் பயன்படுத்துகின்றன என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வுக்கான பாடத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டோம் என்பது பல பள்ளிகளின் விடையாக இருக்கக்கூடும்.